தூக்காத கை

ஏப்ரல் 9, ஞாயிறு

இந்த நோட்டைத் தொட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. பரண் மேல் பழைய ஷூ பெட்டியில் கிடந்தது. மனைவி பூங்கொடி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி எடுத்தேன். இப்போது இது எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

ஆடிய காலத்தில் ஒவ்வொரு கபடி ஆட்டம் முடிந்ததும் இதில் மூன்று வரி எழுதுவேன். எதிரணி யார், எத்தனை பிடி பிடித்தேன், என்ன தப்பு செய்தேன். தப்பை எழுதாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது என்பது எங்கள் கோச் போட்ட சட்டம். நான் இடது மூலையில் நிற்பவன். எதிரணியிலிருந்து கபடி பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. அந்தப் பிடியை வைத்துத்தான் இந்தியச் சட்டை போட்டேன், வெளிநாட்டில் தங்கம் வாங்கினேன், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வந்தேன். இன்று செங்கரட்டூர் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி. வயது நாற்பத்தொன்று. வயிற்றைப் பற்றி எழுதப்போவதில்லை.

சாயங்காலம் தறிக் குடோனுக்குப் பின்னால் சீட்டாட்டம் நடக்கிறது என்று தகவல் வந்தது. நான்கு கான்ஸ்டபிள்களுடன் போனேன். ஐந்து பேர் உட்கார்ந்த இடத்திலேயே மாட்டினார்கள். ஆறாவது ஆள் ஓடினான். சாதாரண ஓட்டம் இல்லை. இடது பக்கம் போவதாகக் காட்டி வலது பக்கம் போனான். இரண்டு தடவை கைக்கு எட்டி நழுவினான். குடோன் மொட்டை மாடியில் கூட்டம் கூடிவிட்டது. அங்கிருந்து யாரோ ஏதோ கத்தினார்கள். அதை எழுத வேண்டியதில்லை.

காய்ந்து கிடந்த வாய்க்காலைத் தாண்டப் போனவன் படியில் வழுக்கி விழுந்துவிட்டான். காலில் அடி. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம்.

எதிரணி: திருமூர்த்தி, வயது இருபத்து நான்கு.
பிடி: ஒன்று.
தப்பு:

ஏப்ரல் 10, திங்கள்

ஏட்டு கந்தப்பன்தான் எங்கள் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவர். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். வழக்கு எழுதும்போது பேனாவை நிறுத்தி, எதில் வழுக்கியது என்று போடட்டும் என்று என்னைக் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். உள் அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் அருமைநாயகம், பாசி என்று போடுங்கள் என்றார். பாசி என்று போட்டார்.

ஓடினவன் விழுந்தான் என்பது மட்டும் இன்ஸ்பெக்டருக்குப் போதாதாம். கால் அந்த அளவு போயிருந்தால் அதற்கு முன்னால் ஏதாவது நடந்திருக்க வேண்டுமாம். அதனால் திருமூர்த்தி ஒரு கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு ஓடியதாகவும், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகவும் சேர்ந்தது. கான்ஸ்டபிளை யாரும் தள்ளவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போன கையெழுத்து.

வீட்டில் மிக்ஸி ஜார் இறுகிக்கொண்டது. பிளேடு சுற்றவில்லை. பூங்கொடி ரிப்பேருக்குக் கொடுக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

மிக்ஸி ஜாரைக் கொடுத்தேன். ஸ்டேஷனில் விசேஷம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. பூங்கொடி பாயசம் வைத்தாள். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆனது. திருமூர்த்தியிடம் ஒரு நோட்டீஸுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கான்ஸ்டபிளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

எலும்பு வார்டில் கடைசிக் கட்டில். வலது கால் தொடை வரை கட்டு. தலைமாட்டில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். தறி ஓட்டுகிறவர், சேலை முழுக்கப் பஞ்சுத் தூசி. யூனிஃபார்மைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாக ஒதுங்கினார். திட்டுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான்.

"நாஞ் சொல்லல? இவருதான். இந்தியாவுக்கு ஆடுன சிகாமணி அண்ணன். என்னையப் புடிச்சவரு இவருதான்."

எனக்கு உட்கார இடம் காட்டினான். அவனும் ஆட்டக்காரன். செங்கரட்டூர் அணியின் ரைடர், எதிர்க் கோர்ட்டுக்குள் பாடிப் போகிறவன். நான் பத்து வருடத்துக்கு முன்னால் உள்ளூர் போட்டிக்குப் பரிசு கொடுக்க வந்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தானாம். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணியிருக்கிறான். அடுத்த மாதம் ஓட்டமும் கயிறு ஏறுவதும். விளையாட்டு ஒதுக்கீடு. நான் வந்த அதே வழி.

அன்றைக்கு அவன் சீட்டாடப் போகவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த தாய்மாமாவைச் சாப்பிடக் கூப்பிடப் போயிருக்கிறான். பிறகு ஏன் ஓடினாய் என்று கேட்டேன்.

"போலீஸப் பாத்தா கால் தன்னால ஓடுதுங்ணா. போலீஸாகோணும்னு படிக்கறவனே ஓடறனேன்னு நெனச்சா எனக்கே சிரிப்பா வருது."

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். கயிறு ஏறுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. நோட்டீஸை நீட்டினேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

ஏப்ரல் 15, சனி

நேற்று வைத்த பாயசத்தை இன்றும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

அலமாரி துடைக்கும்போது பூங்கொடி இந்த நோட்டைப் பார்த்திருக்கிறாள். பழைய ஆட்டங்களைப் படித்துச் சிரித்திருக்கிறாள். கடைசியில் ஒன்பதாம் தேதிக்கு வந்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வரும்போது நோட்டு அவள் கையில் இருந்தது.

"ஏனுங், வழுக்கி விழுந்தான்னு எழுதியிருக்கறீங்க. அடியில பிடி ஒண்ணுன்னும் போட்டிருக்கறீங்க. தானா விழுந்தவன எப்படிப் பிடிச்சீங்க?"

தப்பு என்று எழுதிவிட்டு ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறீர்களே என்றும் கேட்டாள். மிக்ஸி ஜார் ரிப்பேருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது, அதைக் கேட்க உனக்குத் துப்பில்லை, என் நோட்டைக் குடைகிறாய் என்று கத்தினேன். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கேட்க வேண்டியவனும் நான். நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அம்மியில் அரைக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஏப்ரல் 27, வியாழன்

விசைத்தறித் தொழிலாளர் சங்கம் கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டது. எலும்பு டாக்டர் எழுதிய சீட்டுதான் காரணம். விழுந்ததால் வந்த அடி இல்லை, காலைப் பிடித்துத் திருப்பியதால் வந்தது என்று எழுதிவிட்டாராம். கோட்டாட்சியர் விசாரிக்கப் போகிறார். மே பதினாறு.

இன்ஸ்பெக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. என் மகள் காலேஜில் சேர்ந்தபோது இரண்டு நாள் எனக்காக அலைந்தவர். டீ வரவழைத்தார்.

"சிகாமணி, பாசின்னு எழுதியாச்சு. இனிமே அது பாசிதான். அந்தப் பையனே அப்படித்தான் சொல்லப்போறான், பேசியாச்சு. நீ வாயத் தொறக்காம நின்னா போதும்."

பையன் மேல் இருக்கும் வழக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கால் தேறி, அவன் அடுத்த வருடம் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணினாலும், பெயரில் இப்படி ஒரு வழக்கு இருந்தால் அரசாங்க வேலை கிடைக்காது. நன்னடத்தை விசாரிக்க ஸ்டேஷனுக்குத் தாள் வரும். அதில் எழுதி அனுப்ப வேண்டியவன் நானாகவே இருக்கலாம்.

டீயைக் குடித்தேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மே 2, செவ்வாய்

இன்று செய்ததை எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

நான் ஆடிய காலத்தில் போட்ட முழங்கால் பட்டை ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திருமூர்த்தியைப் பார்க்கப் போனேன். பரிவோடு போனதாக அவன் நினைத்துக்கொண்டான். விசாரணையில் என்ன சொல்வான் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

ஆபரேஷன் முடிந்திருந்தது. ஆள் இளைத்துவிட்டான். பட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சுற்றி வளைத்து விசாரணைப் பேச்சுக்கு வந்தேன். அவனே எனக்குத் தைரியம் சொன்னான்.

"வழுக்கிட்டேன்னுதானுங்ணா சொல்லுவேன். புடிபட்டவன் போய் புடிச்சவரக் குத்தஞ் சொல்லலாமுங்களா? ஆட்டத்துல அப்படி இல்லீங்களே."

கான்ஸ்டபிளைத் தள்ளியதாக எழுதியிருப்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் சொன்னபடி அதையும் ஒத்துக்கொள்கிறானாம். எனக்கு மூச்சு லேசானது. அதுதான் உண்மை. அந்தப் பையன் தன் பிழைப்பை முடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறான், எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்துவிட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்ணா. அந்தக் கடைசித் திருப்பு எதுக்கு? நாந்தான் நின்னுட்டேனே."

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நடந்தது இது. வாய்க்காலில் மாசியிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். பாசி கிடையாது, ஈரம் கூடக் கிடையாது. அவன் படியில் கால் வைக்கும்போது நான் பாய்ந்து வலது கணுக்காலைப் பிடித்தேன். சுத்தமான பிடி. உடனே நின்றுவிட்டான். கீழே உட்கார்ந்து உள்ளங்கையால் தரையை இரண்டு தடவை தட்டினான். மாட்டிவிட்டேன், விடுங்கள் என்று ஆட்டத்தில் அதற்கு அர்த்தம். அப்போதுதான் அவன் கபடிக்காரன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் செய்தேன்.

மொட்டை மாடியிலிருந்து கத்தியவன், "சிகாமணிக்கு வயசாயிருச்சுடோய்" என்றான். பிடிப்பதற்கு முன்னால், திருமூர்த்தி நழுவிய இரண்டாவது தடவை அது. மாடியே சிரித்தது. என் கான்ஸ்டபிள்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். கையில் கால் கிடைத்தபோது அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. அவன் முழங்காலைத் தோளால் அமுக்கிக்கொண்டு கணுக்காலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஆட்டத்தில் விலக்கிய பிடி அது. செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவரைக்காயை ஒடிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. நடுவர் இல்லை. நான்தான் போலீஸ்.

மே 9, செவ்வாய்

நோட்டைப் பின்னால் புரட்டிக்கொண்டு போனேன். 2004, மாநில இறுதி ஆட்டம். பிடி: ஆறு. தப்பு: இல்லை.

ஒரு தப்பு இருந்தது. கடைசி நிமிடத்தில் பாடி வந்தவனின் விரல் நகம் என் முழங்காலுக்குக் கீழே உரசியது. எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம்மைத் தொட்டுவிட்டால் நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நாமே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். நடுவர் பார்க்கவில்லை. நான் தூக்கவில்லை. தொட்டவன் நடுவரிடம் ஓடினான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் என்னை இந்திய முகாமுக்கு எடுத்தார்கள்.

பத்தொன்பது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டிடம் கூடச் சொன்னதில்லை.

மே 12, வெள்ளி

மிக்ஸி ஜார் வந்துவிட்டது. பழைய சத்தமே இல்லை.

மே 15, திங்கள்

நாளைக்கு விசாரணை. மத்தியானமே வந்து யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டேன். ஒரே மடிப்பை நான்கு தடவை தேய்த்தேன் போலிருக்கிறது. பூங்கொடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பியது, பாசி, முழங்கால் பட்டை, எல்லாம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிள்ளை வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லிட்டா இந்தக் குவார்ட்டர்ஸக் காலி பண்ணோணுமா?"

"பண்ண வேண்டி வரலாம்."

"சரி," என்றாள். எழுந்துபோனாள். அடுப்படியில் பாத்திரம் விழுந்து உருண்டது. எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அழுதாள். பயமாக இருக்கிறது என்று சொன்னாள். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். நாளைக்கு என்ன செய்வேன் என்று எனக்கு இதை எழுதும் நிமிடம் வரை தெரியவில்லை.

மே 16, செவ்வாய்

கோட்டாட்சியர் அலுவலகத்தில் பதினோரு மணிக்குத் தொடங்கியது. கோட்டாட்சியர் ஒரு அம்மா, என்னைவிட வயதில் சின்னவர். முன் வரிசையில் இன்ஸ்பெக்டர், ஏட்டு, சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். நான் கடைசியில் சுவரோடு நின்றேன். திருமூர்த்தி இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி வந்தான். என் முழங்கால் பட்டையைப் போட்டிருந்தான். வேட்டிக்கு வெளியே தெரிந்தது.

எப்படி விழுந்தாய் என்று கேட்டார். படியில் வழுக்கிவிட்டேன் என்றான். ஏப்ரலில் அந்த வாய்க்காலில் பாசி ஏது என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குக் கெடுதல் என்று நினைத்திருப்பான்.

"என்னோட காலுதானுங்கம்மா. நான்தான் வழுக்கிட்டேன். போலீஸ்கார அண்ணனத் தள்ளுனதும் நாந்தானுங்க."

அவன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கோட்டாட்சியர் டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிக்கப்பட்டவரே இப்படிச் சொன்னால் எழுதிக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றார். எழுத்தர் எழுதினார். அந்தப் பேனா கீழே வரை வந்து நின்றது. வேறு யாராவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்பதைப் போலக் கேட்டார்.

இன்ஸ்பெக்டரின் பிடரி தெரிந்தது. மின்விசிறி சுற்றியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் நடுவர் பார்க்கவில்லை.

வலது கையைத் தூக்கினேன். கபடிக் கோர்ட்டில் தூக்குவது போல முழுக்கத் தூக்கினேன். கோட்டாட்சியர் நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரமானது. அதுவரை கையை இறக்கவில்லை.

"அம்மா, அவன் தள்ளவும் இல்ல, வழுக்கவும் இல்ல. நின்னவனோட கால நான்தான் திருப்புனேன். என்னையப் பாத்துச் சிரிச்சாங்கன்னு திருப்புனேன்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. திருமூர்த்தி மேல் போட்ட வழக்கு நிற்காது, நீக்கப் பரிந்துரைக்கிறேன் என்று கோட்டாட்சியர் சொன்னார். எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம், என் மேல் தனியாக வழக்கு. தாள் நாளைக்கு வரும். இன்ஸ்பெக்டர் மேலும் விசாரணை உண்டு. அவர் என்னைத் தாண்டி ஜீப்புக்குப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் திருமூர்த்தி நின்றிருந்தான். அவன் அம்மா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். நான் அருகில் போனேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் குனிந்து முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒற்றைக் காலில் தடுமாறினான். பிடிக்கப் போன என் கையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தான். பட்டையை என்னிடம் நீட்டினான்.

"ஆட்டம் முடிஞ்ச பின்னால கை தூக்குனா பாயிண்ட் வராதுங் சார்."

இதுவரை அவன் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. ஆட்டோ வந்தது. கட்டைகளை உள்ளே வைத்து, காலைத் தூக்கி வைத்து அவன் ஏறி உட்கார ரொம்ப நேரம் பிடித்தது. நான் பட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தேன். பூங்கொடி தட்டு வைத்திருந்தாள். இரு என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தேன். 2004ஆம் வருடப் பக்கத்தில் "இல்லை" என்பதை அடித்தேன். பிறகு ஏப்ரல் ஒன்பதுக்கு வந்தேன்.

எதிரணி: திருமூர்த்தி, வயது இருபத்து நான்கு.
பிடி: ஒன்று.
தப்பு: அவன் தரையைத் தட்டினான். நான் விடவில்லை.